தாழ்ந்த வண்டியும் கீரிமலைப் பயணமும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருப்போருக்கு இலவசமாகக் கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் அறிவுரை. "விற்றுவிடுங்கள்" என்பார் ஒருவர். "விற்றுவிடாதீர்கள், இன்னும் பத்து ஆண்டு சென்றால் தங்கத்தின் விலை" என்பார் மற்றொருவர். வண்டி வழியில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு மட்டும் இருவருள் ஒருவரையும் காணமுடியாது.

எமது வண்டி 1961ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்து, 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள்முன் வைக்கப்பட்ட வகை அது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று கைமாறி எம் தந்தையாரிடம் வந்து, அவர் மறைந்தபின் எம்மிடம் தங்கிவிட்டது.

சில காலமாக இவ்வண்டியின் பின்புறம் தாழ்ந்துகொண்டே வந்தது. முன்பக்கம் நிமிர்ந்து வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தரையை நோக்கிச் சரிய, வெள்ளவத்தையில் எமது அயலவர் ஒருவர், "உங்கள் வண்டி அடைகாக்கிறதோ?" என்று ஒவ்வொரு காலையும் தவறாது விசாரிக்கலானார். நாமும் சிரித்துக்கொண்டு போவோம். வீட்டு வாசலுக்கும் கந்தோருக்கும் இடையே ஓடும் வண்டிக்கு அந்தத் தாழ்வு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அன்னையாரின் விருப்பம்

இவ்வாண்டு ஆடி பிறந்ததும் அன்னையார் ஒரு விருப்பத்தை வெளியிட்டார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குச் செல்லவேண்டும். தந்தையாருக்கு நாம் அங்கே தர்ப்பணம் செய்வதைத் தாம் அருகிலிருந்து காணவேண்டும். அதுவும் இந்த வண்டியிலேயே போகவேண்டும். அன்னையாருக்கு வயது 82. முள்ளந்தண்டில் நெடுநாளைய நோவு உண்டு. புகைவண்டியிலே போகலாம் என்றோம். குளிரூட்டிய வான் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கலாம் என்றோம். "தம்பி, அந்த வண்டியிலே போவதானால் வருகிறேன். இல்லையென்றால் நீங்கள் போய்வாருங்கள்" என்று கூறிவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். காரணம் கூறவில்லை. கேட்கும் துணிவும் எமக்கு உண்டாகவில்லை.

ஆகவே வண்டியைக் கொழும்பிலே ஒரு கராஜில் விட்டோம். பின்புறத்துச் சொக் அப்சோபர் இரண்டையும் மாற்றிவிட்டால் வண்டி எழும்பிவிடும் என்று அங்கே சொன்னார்கள். மாற்றினார்கள். பணமும் பெற்றார்கள். வண்டி முன்னிருந்த இடத்திலேயே இருந்தது. "ஓட ஓட எழும்பும்" என்று தேறுதல் கூறி அனுப்பினார்கள். ஓட ஓட எழும்பும் மோட்டார் வண்டியை நாம் அதுவரை கண்டதில்லை. எனினும் அமாவாசை நெருங்கியமையால் நம்பினோம்.

வடக்கு நோக்கி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அமாவாசைக்கு ஐந்து நாட்கள் முன்னதாக, அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்திலே அன்னையாரும் மனைவியும், முன்னே எமது பன்னிரண்டு வயது மகனும் நாமும். டிக்கிக்குள் அரிசி, பருப்பு, புதுச் சேலைகள், உறவினர் வீடுகளுக்கான பண்டங்கள், தண்ணீர்ப் போத்தல்கள், அன்னையாரின் மடிப்புக் கதிரை. ஏற்றி முடித்துப் பார்த்தபோது பின்சில்லுகளின் மேற்பாதி மட்காட்டுக்குள் மறைந்திருந்தது.

நீர்கொழும்பைத் தாண்டியதிலிருந்து எதிரே வந்த லொறிகள் யாவும் எம்மை நோக்கி விளக்கை அணைத்தும் எரித்தும் கோபித்துக்கொண்டன. எமது விளக்குகளோ தாழ்த்தியே வைக்கப்பட்டிருந்தன. பின்புறம் தாழ்ந்தால் முன்புறம் நிமிரும். விளக்கொளியும் உடன் நிமிர்ந்து எதிரே வருபவர் கண்ணிலே பாயும் என்ற எளிய உண்மையைப் புத்தளம் சென்று விடியும்வரை நாம் உணரவில்லை. வண்டியை நேராக நிறுத்துவதும் கடினமாக இருந்தது. பாரமெல்லாம் பின்னே சாய்ந்து முன்சில்லுகள் நிலத்தை இறுகப் பற்றாதபடியால், சுக்கான் கையில் இலேசாக மிதந்தது.

அநுராதபுரத்தைக் கடந்து ஏ9 பாதையில் ஏறி, மதவாச்சியையும் தாண்டி, வவுனியாவுக்கு அப்பால் செல்லும்போதே துன்பம் தெளிவாகத் தெரிந்தது. இன்று அந்தப் பாதை செப்பமானது. எனினும் ஒவ்வொரு மதகிலும், ஒவ்வொரு பாலத்தின் தொடக்கத்திலும், பின்னாலிருந்து "தடார்" என்று ஓர் ஓசை எழும். வளைந்து கொடுக்கவேண்டிய வில் முழுவதும் வளைந்து முடிந்து, அச்சு மேலே உள்ள இறப்பர்க் கட்டையில் மோதும் ஓசை அது. அந்த மோதல் நேரே சென்று சேர்ந்த இடம் அன்னையாரின் முதுகு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாங்குளம் வரை கேட்டுக்கொண்டிருந்த அவருடைய ஊர்க்கதைகள் மட்டும் நின்றுவிட்டன.

முறிகண்டிப் பிள்ளையாரின் சந்நிதியில் எந்த வண்டியும் நிற்காமற் போவதில்லை. நாமும் நின்றோம். தேங்காய் உடைத்தோம். மகனுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்தோம். அன்னையார் இறங்க முயன்று, கதவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்று, மீண்டும் ஆசனத்திலேயே அமர்ந்துகொண்டார். இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார். அப்போதுதான் எமக்கு வெட்கமாகவும் அச்சமாகவும் இருந்தது. அயலவரின் பகடிக்குச் சிரித்துக்கொண்டு நாம் கழித்த மாதங்களின் வட்டியை அவருடைய முதுகு செலுத்திக்கொண்டிருந்தது.

ஆனையிறவின் வெளியிலே உப்புக்காற்று வீசியது. 30 கிலோமீற்றருக்குமேல் வேகம் வைக்காமல், பளை, கொடிகாமம், சாவகச்சேரி என ஊர்ந்து, அந்தி சாயும் வேளையில் இணுவிலில் எமது சிறியதாயார் வீட்டை அடைந்தோம்.

பழைய வண்டிகளின் பட்டினம்

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருவோர் நல்லூரையும் கோட்டையையும் பார்ப்பது வழக்கம். வீதியிலே ஓடும் பழைய வண்டிகளையும் பார்க்கும்படி நாம் சொல்வோம். ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் ஏ55, மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் ஆகிய ஆங்கில வண்டிகள் இங்கே காட்சிப் பொருள்களாக அல்லாமல், சந்தைக்கும் கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் ஓடியவை. சில இன்னும் ஓடுகின்றன.

இவை வேடிக்கைக்காகக் காப்பாற்றப்பட்டவை அல்ல. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் ஏ9 பாதை அடைபட்டது. பெற்றோல் வருவது நின்றது. உதிரிப்பாகம் வருவது நின்றது. சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நுட்பம் மிகுந்த புதிய வண்டிகள் அந்த உணவைச் செரிக்கமாட்டாமல் படுத்துவிட்டன. பழைய ஆங்கில வண்டிகள் இருமின, புகைத்தன, ஆயினும் ஓடின. உடைந்த உறுப்பை வாங்க இடமில்லாதபோது, அதைச் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் இங்கே தோன்றினார்கள். பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடுண்டு, 2009இல் யுத்தம் முடிந்தபின் நிலையாகத் திறந்தபோதும் அந்தக் கைத்திறன் அவர்களை விட்டுப் போய்விடவில்லை.

அத்தகைய ஒருவரிடமே சிறியதாயாரின் மகன் மறுநாட் காலை எம்மை அழைத்துச் சென்றார். ஒழுங்கை ஒன்றின் முடிவில், வேம்பு நிழலில், தகரக் கொட்டகை. ஒரு பக்கம் கராஜ், மறுபக்கம் உலை. பட்டறைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய பாட்டனார் வில்லு வண்டிகளுக்கு இரும்பு அடித்தவராம். மோட்டார் பிறக்குமுன்பே குதிரை வண்டிகளின்கீழ் இருந்ததுதான் இந்தத் தகட்டு வில். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு அது புதிய சரக்கு அன்று. அன்னையாரும் எம்முடன் வந்திருந்தார். வேண்டாம் என்றோம்; கேட்கவில்லை. வேம்பின்கீழ் ஒரு கதிரையைப் போட்டு, "இருங்கோ அம்மா" என்று பெரியவர் அவரை அமர்த்தினார்.

நோயும் காரணமும்

அவர் உடனே வண்டிக்கடியில் புகுந்துவிடவில்லை. டிக்கியைக் காலியாக்கச் சொன்னார். நான்கு ரயர்களுக்கும் காற்றைச் சரிபார்த்தார். சமமான சீமந்துத் தரையில் வண்டியை நிறுத்தி, பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் தாழ்வாக இருந்தது. பிறகு பம்பரில் கையை ஊன்றி அழுத்தி விட்டார். வண்டி ஒருமுறை எழுந்து அடங்கியது.

"சொக் புதுசு போல" என்றார்.

கொழும்புக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, சொக் மாத்தினால் வண்டி எழும்பாது. பாரத்தைத் தாங்கிறது வில்லு; ஆட்டத்தை அடக்கிறது சொக். இரண்டும் இரண்டு வேலை" என்றார். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த ஒரு வசனத்தை மனத்தில் இருத்தினால் நாம் இழந்த பணத்தை அவர்கள் இழக்கமாட்டார்கள்.

வண்டியின் பின்புறத்தை ஜக்கினால் உயர்த்தி, உடலின் உறுதியான பாகத்தின்கீழ் இரும்புத் தாங்கிகளை வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் போகக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. தாங்கி உடலின்கீழ் இருக்கவேண்டும். அச்சின்கீழ் வைத்தால் வில் பாரத்திலிருந்து விடுபடாது என்பது இரண்டாவது.

அதன்பின் எம்மையும் மகனையும் அழைத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து தகடுகள், நீளமானது மேலும் குட்டையானவை கீழுமாக அடுக்கப்பட்டு, நடுவில் ஓர் ஆணியால் பிணைக்கப்பட்டிருந்தன. நீண்ட தகட்டின் இரு முனையும் கண்போலச் சுருட்டப்பட்டவை. முன்கண் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். பின்கண்ணோ ஷக்கிள் என்னும் சிறு இணைப்பில் ஊஞ்சல்போலத் தொங்கும். பாரம் ஏறி வில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுமாதலால், அந்த நீட்சிக்கு இடம்விடவே இந்த ஊஞ்சல். நடுவிலே அச்சை இரண்டு யூ போல்ட்டுகள் இறுகப் பற்றியிருக்கும்.

மேல்நோக்கி வளைந்து நிற்கவேண்டிய எமது வில் ஏறக்குறையத் தட்டையாகக் கிடந்தது. ஷக்கிளின் இறப்பர்ப் புஷ்கள் தேய்ந்து முட்டைவடிவாகியிருந்தன. இடப்பக்கத்து வில்லை அவர் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கைக் கிட்டப் பிடித்தபோது, இரண்டாவது தகட்டில் நடு ஆணித் துளையின் அருகே மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. தகடு முறிந்திருந்தது. துளையிட்ட இடமே தகட்டின் மெலிந்த இடம். பெரும்பாலும் முறிவு அங்கேதான் தொடங்கும்.

"இதோடை கொழும்பிலையிருந்து வந்தனியளோ?" என்று கேட்டார். இரண்டாவது தகடு போய்விட்டால் அதன் பாரம் முதற்றகட்டின்மேல் விழும். முதற்றகடும் போனால் அச்சு தன் இடத்தைவிட்டு நகரும். அப்போது வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சுக்கானைப் பிடித்திருப்பவன் தீர்மானிக்கமுடியாது. ஆனையிறவு வெளியில் நாம் ஊர்ந்து வந்ததே எமக்கு நன்மையாயிற்று.

வேம்பின்கீழ் ஒரு கதை

"உந்த வில்லு ஒருநாளிலை இப்பிடித் தாழாது. எப்பவோ பெரும் பாரம் ஏறியிருக்கு" என்றார் பெரியவர். நாம் அறியோம் என்றோம். வேம்பின்கீழிருந்து அன்னையாரின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்."

1990ஆம் ஆண்டு ஆனி மாதம். தெல்லிப்பழையில் எமது வீடு. நாம் அப்போது கொழும்பிலே படித்துக்கொண்டிருந்தோம். வலிகாமம் வடக்கிலே எறிகணைகள் விழத் தொடங்கி, ஊர் முழுவதும் வெளிக்கிட்டபோது, வீட்டிலிருந்த மோட்டார் இது ஒன்றுதான். பாட்டியார், இரண்டு சிறியதாய்மார், அயல்வீட்டுக் குழந்தைகள் நால்வர், அன்னையார், ஓட்டுவதற்கு மாமனார் என ஒன்பது பேர். தையல் இயந்திரம், இரண்டு மூடை நெல், சட்டி பானை, சுவாமிப் படம். வண்டி படலையைத் தாண்டுமுன்பே நிலத்தோடு உரசியது. அப்போது எம் தந்தையார் இறங்கிவிட்டார். "நான் இருந்தால் இது இணுவில் மட்டும் போய்ச் சேராது. நீங்கள் போங்கோ" என்று சொல்லி, தமது சைக்கிளில் இன்னொரு நெல்மூடையையும் வைத்துக்கட்டி, அதைத் தள்ளிக்கொண்டு, மல்லாகம், சுன்னாகம் வழியே வண்டியின் பின்னால் நடந்தார். சனத்தின் நடுவே வண்டியும் ஆமைபோலவே சென்றமையால், அன்னையார் பின்கண்ணாடி வழியே அவரைக் கண்டுகொண்டே இருந்தாராம். சுன்னாகத்தில் சற்றுநேரம் காணவில்லையாம். மருதனார்மடத்தில் மறுபடி கண்டாராம்.

"அவர் நடந்தபடியால்தான் வண்டி வந்தது. அந்தப் பாதையாலே இதைத் திருப்பிக் கொண்டுபோக வேணும் எண்டு அவருக்கு ஒரு ஆசை. பாதை விட்டபோது அவர் இல்லை" என்று அன்னையார் முடித்தார்.

நாம் அறுபதை நெருங்குகின்றோம். எம் தந்தையார் அன்று நடந்து வந்தார் என்பதை அந்த வேம்பின்கீழ்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். பட்டறையில் சிறிதுநேரம் எவரும் பேசவில்லை. பெரியவர் எழுந்து, உலைக்குச் சிரட்டைக்கரி கொட்டினார்.

நெருப்பிலே

இரண்டு வழிகள் உண்டு என்று அவர் விளக்கினார். ஒன்று, தடித்த தகடு ஒன்றை மேலதிகமாகச் சேர்ப்பது. அரை நாளில் முடியும், செலவும் குறைவு, வண்டி உடனே எழும்பும். ஆனால் வில் விறைத்துவிடும். வெறும் வண்டி குதிரைபோலத் துள்ளும். அந்த அதிர்ச்சி வில் தொங்கும் இடங்களுக்கும் பின்னே இருப்பவரின் முதுகுக்கும் போகும். மொறிஸ் மைனரில் வில் பூட்டப்படும் இடத்து உடலிரும்பு துருப்பிடிப்பது பலரும் அறிந்த குறை. அங்கே விறைத்த வில்லைப் பூட்டுவது புத்தியன்று. மற்றொன்று, தகடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நெருப்பிலிட்டு, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் பதம் ஏற்றுவது. அதற்கு மூன்று நாட்கள் வேண்டும். எமக்கு எஞ்சியிருந்தவையும் அவ்வளவே.

"முதுகு நோகிற மனுசி இருக்கிற வண்டிக்கு மேலதிகத் தகடு போட மாட்டன்" என்று அவரே தீர்ப்பும் கூறிவிட்டார்.

ஒரு பக்கம் மட்டும் பழுதாயினும் இரு பக்கத்தையும் ஒருங்கே செய்யவேண்டும். இல்லையேல் வண்டி ஒருபுறம் சாயும். ஆகவே இரண்டு வில்லும் கழன்றன. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு ஆணியைக் கழற்றுமுன் அடுக்கை வைசுக்குள் இறுக்கினார். இறுக்காது கழற்றினால் அடங்கியிருக்கும் விசை விடுபட்டுக் கையை உடைத்துவிடும். பத்துத் தகடுகளையும் தேய்த்து வெண்சுண்ணக் கட்டியால் எண்ணிட்டார். முறிந்த தகட்டுக்குப் பதிலாக, உடைத்துப் பிரிக்கப்பட்ட இன்னொரு மைனரின் தகட்டைத் தம் குவியலிலிருந்து எடுத்துக்கொண்டார். சுவரிலே பழைய வண்டிகளின் வில் வளைவுகளைப் பலகையில் வெட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். மைனருக்குரிய பலகை கீழே வந்தது.

தகடு சீராகச் செந்நிறம் அடையும்வரை நெருப்பில் கிடந்தது. குறட்டால் எடுத்து, பட்டறைக்கல்லில் வைத்து, பலகையின் வளைவுக்கு இசையும்வரை அடித்தார். மீண்டும் செந்நிறமாக்கி எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தினார். இந்நிலையில் தகடு கடினமானது. ஆனால் கண்ணாடிபோல முறியும் இயல்புடையது. ஆதலால் எண்ணெய் தோய்ந்த தகட்டை மறுபடி அளவாக நெருப்பின்மேற் காட்டி, அதிலுள்ள எண்ணெய் தானே பற்றி எரிந்து தீரும்வரை சூடாக்கி, காற்றில் ஆறவிட்டார். அப்போதுதான் இரும்பு வளைந்து கொடுக்கவும் மீண்டு நிமிரவும் கற்றுக்கொள்ளுமாம். பதம் குறைந்தால் மறுபடி தாழும்; மிஞ்சினால் முறியும். வெப்பமானி ஒன்றும் அங்கே இல்லை. நிறமும் புகையுமே அவருடைய கருவிகள். எமது மகன் மூன்று நாட்களும் அங்கேயே நின்றான். கைத்தொலைபேசியை அவன் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் மாலை, தகடுகளுக்கு இடையே கிறீஸ் பூசி, அடுக்கிப் பூட்டினார். புதிய புஷ்களும் புதிய யூ போல்ட்டுகளும் போட்டார். பிறேக் எண்ணெய் செல்லும் இறப்பர்க் குழாய் இழுபடாமல் இருக்கின்றதா என்று பார்த்தார். வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் முழுவதும் சில்லுகளில் அமர்ந்தபின்னரே புஷ் ஆணிகளை இறுதியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகியபடியே நின்று விரைவில் கிழியும் என்றார். பின்பு அளந்தார். இடப்பக்கம் மூன்று அங்குலமும் வலப்பக்கம் ஒன்றரை அங்குலமும் எழும்பியிருந்தன. இரு பக்கமும் இப்போது ஒரே மட்டம். "கொஞ்சம் இறங்கி அமரும், பயப்படாதையுங்கோ. நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடினபிறகு யூ போல்ட்டை ஒருக்கா இறுக்க வேணும்" என்றார். கூலியாக அவர் கேட்ட தொகை கொழும்பிலே சொக்குக்குக் கொடுத்ததின் பாதிகூட இல்லை.

கீரிமலை

அமாவாசையன்று விடியுமுன் புறப்பட்டோம். இணுவிலிலிருந்து வடக்கே காங்கேசன்துறை வீதி. மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம். அன்னையார் பின் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார். மதகுகள் வந்தன, தடார் ஓசை வரவில்லை. வண்டி மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது, அவ்வளவுதான். சுன்னாகம் சந்தியைத் தாண்டுகையில் அவர் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார். நாமும் எம் எதிரேயுள்ள சிறு கண்ணாடியில் பார்த்தோம். பின்னே கீரிமலைக்குச் செல்லும் வண்டிகளும் சைக்கிள்களுமாக வரிசை நீண்டிருந்தது.

தெல்லிப்பழையில் எமது வளவின்முன் சிறிது நிறுத்தச் சொன்னார். காணி விடுவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தவை கிணறும் அடித்தளமும் மட்டுமே. அவர் இறங்கவில்லை. "வந்திட்டம்" என்று மட்டும் சொன்னார். எம்மிடம் சொன்னாரா, வேறெவரிடமும் சொன்னாரா என்று நாம் கேட்கவில்லை.

மாவிட்டபுரத்தில் மேற்கே திரும்பினால் கீரிமலை. குதிரைமுகம் கொண்ட இளவரசி மாருதப்புரவீகவல்லி இத்தீர்த்தத்தில் ஆடி அழகிய முகம் பெற்றாள் என்பதும், மா விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று என்பதும் ஊரறிந்த கதை. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விமானக் குண்டுவீச்சிலே சிதைந்த நகுலேசுவரம் இன்று மீண்டும் எழுந்து நிற்கின்றது. கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர்தான். அப்பால் உப்பு, இப்பால் நன்னீர். ஆயிரக்கணக்கானோர் நடுவே நாமும் தர்ப்பணம் செய்து எள்ளும் நீரும் இறைத்தோம். மகன் தன் பாட்டனார் நடந்த கதையை எமது காதருகே மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டான். அன்னையார் படிக்கட்டின் மேலே, தமது மடிப்புக் கதிரையில், கடலைப் பார்த்தபடி இருந்தார். மதியம் சிறியதாயார் வீட்டிலே காத்தோட்டிக்காய்க் கறியுடன் விரதச் சோறு.

திரும்பும்போது டிக்கியில் பண்டங்கள் பாதிதான். பனங்கட்டியும் ஒடியலும் நிறையத் தருவதாக உறவினர் வந்தபோது, "வண்டிக்குப் பாரம்" என்று அன்னையாரே தடுத்துவிட்டார். கொழும்பு புறப்படுமுன் பட்டறைக்குப் போய் யூ போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டோம். பெரியவர் பம்பரில் கையை ஊன்றி அழுத்தி, வண்டி எழுந்து அடங்குவதைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெள்ளவத்தையில் அயலவர் மறுநாட் காலை வண்டியைச் சுற்றி வந்து, "அடை எழும்பிவிட்டதோ?" என்று விசாரித்தார். எழும்பிவிட்டது என்றோம். விளக்கு இப்போது வீதியைப் பார்க்கின்றது. அன்னையார் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போக, முச்சக்கர வண்டியைக் கூப்பிடாமல் எம்மைக் கூப்பிடுகின்றார்.